மோதிரத்தை விடுங்கள், பணிப்பதிவேட்டை எடுங்கள்

கேள்வி: எங்கள் தலைமை அஞ்சலகத்தின் சேமிப்புப் பிரிவில் 1988இல் சேர்ந்த மூத்த பெண் ஊழியர் ஒருவர் இன்னும் சில மாதங்களில் பணி நிறைவு பெறுகிறார். விழாப் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. ஆளுக்கு 1,000 ரூபாய் வசூலித்துத் தங்க மோதிரம், ஆளுயர மாலை, மண்டபத்தில் பிரியாணி, வாசலில் ஃபிளெக்ஸ் என்று திட்டமிட்டிருக்கிறோம். ஒரு தபால்காரரும் கிளை அஞ்சலகங்களைச் சேர்ந்த கிராம அஞ்சல் ஊழியர்கள் இருவரும் பணம் தர மறுக்கிறார்கள். அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது? விழாவை இன்னும் பொருள் உள்ளதாக ஆக்க யோசனை உண்டா?
- விழாக் குழு உறுப்பினர் ஒருவர், டெல்டா மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் மாலையின் உயரம் இருக்கிறது, விருந்தின் வகை இருக்கிறது, பணம் தராதவர்களின் கணக்கும் இருக்கிறது. விழா நாயகிக்கு இவற்றில் எது பிடிக்கும் என்பது எங்கும் இல்லை. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகவும் தெரியவில்லை. கூட்டத்தில் மேடை ஏறக் கூச்சப்படுகிறவரா, மாலை போட்டால் நெளிகிறவரா, புலால் உண்ணாதவரா என்பதையெல்லாம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் அறியாமல் இருக்க முடியாது. அறிந்தும் பிரியாணிக்குச் சொல்லி வைத்தீர்கள் என்றால் விருந்து யாருக்கு என்ற ஐயம் எனக்கு வருகிறது.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: சம்மதிக்க வைக்கக் கூடாது. மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள், 1964இல் 14ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். பணி ஓய்வை ஒட்டித் தனிப்பட்ட முறையில், ஆடம்பரமின்றி நடத்தும் பிரிவு உபசாரத்தை அந்த விதி அனுமதிக்கிறது. ஆனால் அதற்குச் சந்தா கொடுக்குமாறு எந்த ஊழியரையும் வற்புறுத்துவதையோ செல்வாக்கைப் பயன்படுத்தி இணங்க வைப்பதையோ அதே விதியின் குறிப்பு வெளிப்படையாகத் தடை செய்கிறது. ஓய்வு பெறுபவர் மேல்நிலை அதிகாரியாக இருந்தால், தபால்காரர், எழுத்தர் போன்ற ‘சி’ பிரிவு ஊழியர்களிடம் எந்தச் சூழ்நிலையிலும் வசூலிக்கவே கூடாது என்றும் அது சொல்கிறது. உங்கள் சக ஊழியர்கள் கோபப்படுவது விதியை எழுதியவர்கள் மீதுதான் இருக்க வேண்டும், அந்தத் தபால்காரர் மீது அன்று.

கிராம அஞ்சல் ஊழியர்களின் நிலை இன்னும் கடினமானது. 65 வயது வரை உழைக்கும் அவர்களுக்கு, ஓய்வு பெறப்போகும் அம்மையாருக்குப் பொருந்துகிற மத்திய அரசு ஓய்வூதிய விதிகள் பொருந்துவதில்லை. நாளை அவர்களில் ஒருவர் பையை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது மண்டபம் பிடிப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டபின் அவர்களிடம் இனி பணம் கேட்க உங்களுக்கு மனம் வராது என்றே நம்புகிறேன்.

மோதிரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அதே நடத்தை விதிகளின்படி ‘சி’ பிரிவு ஊழியர் ஒருவர், அரசின் அனுமதியின்றி 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசை ஏற்க முடியாது. தங்கம் விற்கும் விலையில் அந்தத் தொகைக்கு மோதிரம் என்ன, மூக்குத்தியே வராது. கடைசி நாளில் அவர் கையில் விதிமீறலை மாட்டி அனுப்ப வேண்டுமா?

அவருக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய பரிசு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவு அலமாரியிலேயே இருக்கிறது. அவருடைய பணிப்பதிவேட்டைச் சொல்கிறேன். 1988 முதல் ஒவ்வொரு மாறுதலும், விடுப்பும், ஊதிய உயர்வும் அதில் முறையாகப் பதிந்து சரிபார்க்கப்பட்டிருக்கிறதா, எங்காவது ஒரு கையொப்பம் விட்டுப் போயிருக்கிறதா என்பதை விவரம் தெரிந்த ஒருவர் அவருடன் அமர்ந்து இப்போதே பார்க்கட்டும். ஏனென்றால் 1990களில் எவரோ போடாமல் விட்ட ஒரு பதிவுக்காக, ஓய்வுக்குப் பிறகு மாதக்கணக்கில் அதே அலுவலகத்தின் வாசலில் வந்து நிற்க நேர்ந்தவர்களின் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு அவ்வப்போது வருகின்றன. ஆதார், வங்கிக் கணக்கு, பணிப்பதிவேடு ஆகிய மூன்றிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா, குடும்ப ஓய்வூதியத்துக்கான விவரங்களும் வாரிசு நியமனங்களும் இன்றைய நிலையில் சரியாக உள்ளனவா என்பதையும் பாருங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாயின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு அதை மாற்ற மறந்தவர்கள் பலர்.

அவர் எடுக்க வேண்டிய முடிவுகளும் சில உண்டு. ஓய்வூதியத்தில் 40 விழுக்காடு வரை மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஆனால் மாற்றிய பகுதி மாத ஓய்வூதியத்தில் மீண்டும் சேர 15 ஆண்டுகள் ஆகும். மத்திய அரசின் சுகாதாரத் திட்டம் எட்டாத ஊரில் குடியிருக்கப் போகிறார் என்றால், மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படியை வாங்கிக்கொள்வதா, வேறு ஊரில் உள்ள அத்திட்டத்தின் மருந்தகத்தை நம்புவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஊராரின் வைப்புத்தொகைக்கெல்லாம் வட்டிக் கணக்குச் சொன்னவருக்கு இதில் ஆலோசனை எதற்கு என்று நினைக்கலாம். தன் கணக்கு என்று வரும்போது எவருக்கும் எதிரே அமர்ந்து கூட்டிப் பார்க்க இன்னொருவர் தேவைப்படுகிறார்.

இனி விழா. மண்டபம் வேண்டாம், அலுவலகத்திலேயே, கவுன்டர் மூடியபின் நடத்துங்கள். பேச்சுக்கு மூன்று பேர் போதும். ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ என்று தொடங்கும் எவரையும் அந்த மூவரில் சேர்க்காதீர்கள். அந்தச் சொற்களை எந்த ஊழியரின் பெயருக்கு முன்னும் ஒட்டிவிடலாம். அவர் சேர்ந்த 1988இல்தான் கிசான் விகாஸ் பத்திரம் என்ற அஞ்சலகச் சேமிப்புப் பத்திரம் அறிமுகமானது. கையால் லெட்ஜர் எழுதிய காலத்தில் தொடங்கி, கணினி வந்து, அதன்பின் எல்லா அஞ்சலகக் கணக்குகளையும் ஒரே வலைப்பின்னலில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்து, பழைய கணக்குகளையெல்லாம் இரவு வரை அமர்ந்து ஏற்றிய நாட்களைக் கடந்து, 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதையும் கவுன்டரில் நின்று மக்களுக்கு விளக்கியிருப்பார். இந்த மாற்றங்களில் ஏதேனும் ஒன்றின்போது அவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தை, ஆண்டும் இடமும் சொல்லி ஐந்து நிமிடம் பேசுங்கள். பேசுபவர்களில் ஒருவர் அவரிடம் வேலை கற்ற இளையவராக இருக்கட்டும். ஏற்புரையை அவருடைய விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

வாடிக்கையாளர்களில் ஒருவரையாவது அழையுங்கள். சிறுசேமிப்பு முகவராகப் பல ஆண்டுகள் அவர் முன் வரிசையில் நின்ற பெண்மணியோ, பாஸ்புக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு வரும் பாட்டியோ வந்து சொல்லும் இரண்டு வரி, கோட்டக் கண்காணிப்பாளரின் பாராட்டுரையை விட அவருக்கு நெடுநாள் நினைவில் இருக்கும். குடும்பத்தாரைக் கட்டாயம் அழைத்து, அவர் அமர்ந்த இருக்கையையும் கவுன்டரின் உட்பக்கத்தையும் காட்டுங்கள். அம்மா வேலை பார்த்த இடத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மட்டுமே பார்த்த பிள்ளைகள் அநேகர்.

ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். 2019இல் சென்னையில் பேனர் சரிந்து ஓர் உயிர் போன பிறகும் இதை எழுத வேண்டியிருப்பது வருத்தம் தருகிறது. அந்தப் பணத்தில் எல்லோரும் நிற்கும் ஒரு புகைப்படம் எடுத்துச் சட்டமிட்டுக் கொடுங்கள். பணம் தர மறுத்த மூவரையும் மறக்காமல் அதில் நிறுத்துங்கள்.

விழா முடிந்த பிறகு செய்ய வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பரில் ஓய்வூதியர்கள், உயிருடன் இருப்பதைக் காட்டும் வாழ்வுச் சான்று தர வருவார்கள். அந்த வரிசையில் எத்தனையோ முதியவர்களின் விரல் ரேகை பதியாதபோது ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னவர் இவராகவும் இருந்திருக்கலாம். வரும் நவம்பரில் அவரே கண்ணாடிக்கு வெளியே நிற்பார். அவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, சான்றை முடித்து அனுப்பும் பொறுப்பை இன்றே ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். விழாக் குழுவில் நீங்கள்தான் கடிதம் எழுதியிருக்கிறீர்கள் என்பதால், அந்தப் பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும்.