ஈசிஆர் பீச் ஹவுஸ்: முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டலாமா?

கேள்வி: நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். மே விடுமுறையில் பெரியவர்கள் எட்டுப் பேர், குழந்தைகள் நாலு பேர், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஒரு பீச் ஹவுஸ் எடுத்து இரண்டு இரவு தங்க நினைக்கிறோம். படத்தில் நீச்சல் குளத்தோடு அருமையாக இருக்கிறது. போனில் பேசியவர், "வேற பார்ட்டியும் கேக்குறாங்க, இன்னைக்கே முழுப் பணத்தையும் ஜிபே பண்ணிடுங்க" என்கிறார். மாமியாருக்கு மூட்டு வலி, கடைக்குட்டிக்கு நாலு வயது. பணம் கட்டலாமா?

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள். முதலில் அவரிடம் ஒரு வீடியோ கால் கேளுங்கள். அவர் எங்கேயோ உட்கார்ந்து பேசுவதில் பயனில்லை. அந்த வீட்டு வாட்ச்மேன் கையில் போனைக் கொடுத்து, ரோட்டில் இருக்கிற கேட்டிலிருந்து கடல் மணல் வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. நிஜமாகவே வீடு வைத்திருப்பவர் ஒத்துக்கொள்வார். அடுத்தவர் வீட்டுப் படத்தை எடுத்துப் போட்டு அட்வான்ஸ் வாங்குகிறவர், "வாட்ச்மேன் லீவு, டவர் இல்லை" என்று இழுப்பார். இழுத்தால் விட்டுவிடுங்கள்.

பல வருடமாக இந்தப் பக்கத்து வீடுகளைக் குடும்பங்களுக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். படத்தில் பொய் இருப்பதைவிட, படத்தில் இல்லாதவைதான் ஆளைக் கவிழ்க்கும். 'பீச் வியூ' என்பார்கள். மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தால் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் நீலமாக ஒரு கோடு தெரியும். 'பீச் ஃபேசிங்' என்றாலும் மணலில் இறங்க வழி இருக்கும் என்று நம்ப முடியாது. மணல் அரிப்பு உள்ள இடங்களில் காம்பவுண்டுக்கு வெளியே கருங்கல்லைக் கொட்டி வைத்திருப்பார்கள். உங்கள் மாமியார் அதைத் தாண்டவே முடியாது. அதனால்தான் நடந்து காட்டச் சொல்கிறேன். நடக்கும்போதே படிகளை எண்ணிக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை, அதிலேயே வெஸ்டர்ன் டாய்லெட், இந்த இரண்டும் இல்லாத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

வீடு பிடித்திருந்தால் பாதி அட்வான்ஸ், மீதி சாவி வாங்கும்போது என்று பேசுங்கள். பணம் போகிற கணக்கின் பெயரும் ஓனர் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். 'கேன்சல் பண்ணினா எவ்வளவு திரும்ப வரும், கேஷன் டெபாசிட் எவ்வளவு, பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துத்தானே வாடகை' என்ற மூன்றையும் வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். குழந்தைகளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கேட்டிலேயே கணக்குப் போடுகிற வீடுகள் உண்டு. 'ரீஃபண்ட் அனுப்புறேன், பின் நம்பர் போடுங்க' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.

இனி தண்ணீர். இதில்தான் எனக்குப் பயம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்தோடு நானும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். குளத்துக்கும் இலைக்கும் பத்தடி தூரம். பெரியவர்களே பதினைந்து பேர் இருந்தோம். ரசம் பரிமாற எழுந்த பெண்தான் பார்த்தார், அஞ்சு வயதுப் பையன் தலை தண்ணீருக்குள் இருக்கிறது. ஒரு சத்தம் இல்லை, கையைக் காலை அடிக்கக்கூட இல்லை. தூக்கிப் போட்டதும் இருமினான், பிழைத்தான். அத்தனை பேரில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தோம். அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்வது இதுதான்: அரை மணிக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். முறைக்காரர் போனைத் தொடக் கூடாது, அவரை யாரும் வேலை ஏவக் கூடாது. ஓனர் 'நாலடி ஆழம்தான்' என்பார். உங்கள் கடைக்குட்டியின் உயரமே நாலடி இருக்காது. குளத்துக்குத் தனிக் கதவும் பூட்டும் இருக்கிற வீடாகத் தேடுங்கள்.

கடலில் தனியார் வீடுகளுக்கு எதிரே உயிர்காப்பாளர் யாரும் நிற்க மாட்டார்கள். அலை உடைந்து நுரைக்கிற வரிசையில், நடுவே ஓர் இடம் மட்டும் நுரையில்லாமல் அமைதியாக, கொஞ்சம் கருப்பாகத் தெரியும். 'இங்கே அலையே இல்லை' என்று குழந்தையை அங்கேதான் இறக்குவார்கள். கரையில் மோதின தண்ணீர் திரும்பக் கடலுக்கு ஓடுகிற வாய்க்கால் அது. சிக்கினவர் கரையைப் பார்த்து நீந்தினால் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்துதான் வெளியே வர வேண்டும். முழங்கால் அளவுக்கு மேல் யாரும் போக வேண்டாம். அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கிற தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டிக் கால் நனைக்கவே வேண்டாம்.

கோடையில் கள்ளக்கடல் என்று ஒன்றும் உண்டு. எங்கோ தொலைவில் இந்தியப் பெருங்கடலில் கிளம்பின அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கிளம்புகிற அன்று காலையில் செய்தியைப் பாருங்கள். குழந்தைகள் கடலில் ஆடியே தீர வேண்டும் என்று அடம்பிடித்தால், சுத்தம், பாதுகாப்பு பார்த்துத் தருகிற நீலக்கொடிச் சான்றை 2021-ல் பெற்ற, ஈசிஆரிலேயே இருக்கிற கோவளம் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டுக்குள் இரண்டு விஷயம். குழாயில் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிக்க, சமைக்கப் பன்னிரண்டு பேருக்கு இரண்டு நாளைக்கு 20 லிட்டர் கேன் குறைந்தது ஐந்து வேண்டும். கரண்ட் போனால் இன்வர்ட்டரில் ஏசி ஓடாது. மே மாதத்தில் அது தாங்காது. ஜெனரேட்டர் இருக்கிறதா, டீசல் யார் கணக்கு என்று கேளுங்கள். போய் இறங்கியதும் சாமான் இறக்குவதற்கு முன்னால் டிவி, கண்ணாடி, சோபா கிழிசல் எல்லாவற்றையும் ஒரு வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிட்டால், திரும்பும்போது டெபாசிட்டில் வம்பு வராது.

'கரையிலேயே மீன் வாங்கிச் சமைக்கலாம்' என்று ஆசை காட்டியிருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஃபைபர் படகுக்காரர்கள் போய் வருவதால் மீன் கிடைக்கும், விலைதான் ஏறியிருக்கும். விடியற்காலையில் படகு கரையேறும் இடத்துக்கே போனால் சங்கராவோ நண்டோ மாட்டும்.

வண்டியில் வருவதானால் சென்னைக்குள் நுழையாதீர்கள். செங்கல்பட்டிலேயே திரும்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்துவிடலாம். கடற்கரைக் கோயிலைக் காலை ஆறு மணிக்கே பார்த்துவிடுங்கள், அப்புறம் வெயிலில் மாமியாரால் நிற்க முடியாது. தேதியை மாற்ற முடியுமானால் செவ்வாய், புதனுக்குக் கேட்டுப் பாருங்கள். சனி, ஞாயிறுக்கு 'வேற பார்ட்டி' காட்டி அவசரப்படுத்துகிற அதே ஆள், வாரநாளில் வாடகையைக் குறைத்துப் பேசுவார்.