உற்பத்தி ஈஆர்பியையும் விற்பனை சிஆர்எம்மையும் எப்படி இணைப்பது?

பம்பு தயாரிக்கும் கம்பெனி. தொழிற்சாலையில் ஈஆர்பிநெக்ஸ்ட் (உற்பத்தி, இருப்பு, கணக்கைக் கவனிக்கும் ஈஆர்பி மென்பொருள்), விற்பனைக்கு ஜோஹோ சிஆர்எம் (வாடிக்கையாளர் தொடர்பைக் கவனிக்கும் மென்பொருள்), இரண்டையும் எப்படி இணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறும் வழி) இருப்பதால் இணைப்பது பெரிய வேலையில்லை. எந்தத் தகவல் எங்கே பிறக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பொருள் பட்டியல், இருப்பு, இன்வாய்ஸ் ஈஆர்பியில். விசாரணை, கொட்டேஷன் சிஆர்எம்மில். ஆர்டர் உறுதியானதும் அது ஈஆர்பிக்குப் போகட்டும்.

வாடிக்கையாளர்களைப் பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். ஓரிடத்தில் 'ஸ்ரீ' இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. ஒரே கடை இரண்டாகிவிடும். 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை வைத்துப் பொருத்துங்கள். வேறு மாநிலக் கிளைக்கு அந்த எண் மாறும். ஆனால் அதற்குள் 3 முதல் 12 வரையுள்ள எழுத்துகள் பான் எண்தான். அதை வைத்துக் கிளைகளை ஒன்றாகக் கோத்துவிடலாம்.

அப்புறம் இருப்பு. குடோனில் 40 பம்பு, அதில் 35 வேறு ஆர்டர்களுக்கு ஒதுக்கியவை என்றால் விற்பனையாளரின் திரையில் 5 என்றுதான் தெரிய வேண்டும். 40 என்று காட்டினால் அவர் நல்லெண்ணத்தோடுதான் வாக்குக் கொடுப்பார், வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிவதும் அவர்தான்.

இதைவிட முக்கியம், இரட்டை ஆர்டர். ஆர்டர் போய்ச் சேர்ந்த பிறகு, பதில் வருவதற்குள் நெட் போகும். மென்பொருள் அதையே மறுபடி அனுப்பும். கவனிக்காவிட்டால் தொழிற்சாலையில் இரண்டு வேலை ஆணை, இரு மடங்கு செம்புக் கம்பி! சிஆர்எம் ஆர்டர் எண்ணுக்கு ஈஆர்பியில் ஒரு புலம் (தகவல் நிரப்பும் கட்டம்) சேர்த்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்காதபடி அமையுங்கள். விலை, தள்ளுபடி எல்லாம் அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.