தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போனால் அறிவியலை விட்டதாகுமா?

ஐபிஎஸ் செல்களில் (வளர்ந்த செல்களைத் திருப்பி, எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடியதாக ஆக்கிய ஸ்டெம் செல்கள்) முனைவர் பட்டம் முடிக்கப்போகிறீர்கள். செல் சிகிச்சை நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்திருக்கிறது. வழிகாட்டியோ, "அது ஆராய்ச்சியே இல்லை, போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) போ" என்கிறார். இதுதானே குழப்பம்?

அவர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2014-இல் ஜப்பானில் மசயோ தகஹாஷியின் குழு, நோயாளியின் சொந்த ஐபிஎஸ் செல்களிலிருந்து வளர்த்த விழித்திரைச் செல் படலத்தை முதன்முதலாகக் கண்ணில் பொருத்தியது. இரண்டாவது நோயாளிக்குப் பொருத்தவில்லை. அவருடைய செல்களில் மரபணு மாற்றங்கள் தெரியவந்ததால் 2015-இல் நிறுத்திவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இதே தரச் சோதனைதான். எந்த மாற்றம் ஆபத்து, எதை விட்டுவிடலாம் என்பது இன்றும் திறந்த கேள்வி. நீண்ட நாள் வளர்ப்பில் 20-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு பெருகிய செல்கள் மற்றவற்றை முந்தி வளர்வதும், சாதாரண கேரியோடைப்பில் (குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) அது தப்பிவிடுவதும் நீங்களே அறிந்ததுதான். இது அறிவியல் இல்லையென்றால் வேறு எது?

சரி, சொந்த ஆய்வகம் வைக்கும் ஆசை இருந்தால் கதை வேறு. கட்டுரைகள் இல்லாத இடைவெளியோடு பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவது கடினம். (ஐபிஎஸ் செல்களை உருவாக்கிய யமனாகாவே எலும்பு மருத்துவத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். விதிவிலக்கை நம்பித் திட்டம் போட முடியாது.)

அப்புறம், சேருமுன் ஒன்று கேளுங்கள்: புதுச் சோதனை முறைகளை உருவாக்கும் வேலையா, எழுதிவைத்த நடைமுறையை ஓட்டும் வேலையா? முதலாவது என்றால் தயங்காமல் சேருங்கள்.