பசிபிக் போரில் சாதாரண மரீன் வீரர் என்ன செய்தார்?

மரீன் என்பவர் கப்பலில் போய்க் கரையிறங்கி, தரையில் சண்டை போடும் அமெரிக்கப் படைவீரர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் ஜப்பான் பிடித்து வைத்திருந்தவற்றில் பல குட்டித் தீவுகள். அங்குள்ள விமானத்தளம் வேண்டுமென்றால் கடல் வழியாக ஏறித்தான் பிடிக்க வேண்டும்.

1943 நவம்பர் 20, தராவா என்ற பவளத்தீவுக் கூட்டத்தின் பெத்தியோ தீவு. கடல் மட்டம் எதிர்பார்த்த அளவு உயரவில்லை. படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றன. பேருந்து பாதி வழியில் நின்றுவிட, மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் வீட்டுக்கு நடப்போமே, அப்படித்தான் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்தபடி நெஞ்சளவுத் தண்ணீரில் அரை கிலோமீட்டர் நடந்தார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். 76 மணி நேரத்தில் ஏறக்குறைய 1,000 அமெரிக்கர்கள் இறந்தார்கள். நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

மரீன் என்றால் மாலுமி என்று பலர் நினைக்கிறார்கள். கப்பலை ஓட்டியது கடற்படை, கரையேறிப் போரிட்டவர்கள்தான் மரீன்கள்.