மூலம் என்று நினைத்தது சீழ்க்கட்டியாக இருந்தால்?

கேள்வி: வயது 36. சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். நான்கு நாளாக ஆசனவாய்க்கு வலப்பக்கம் கொட்டைப்பாக்கு அளவு வீக்கம். உட்கார முடியவில்லை, ராத்திரியில் குளிர்காய்ச்சல். அம்மா மூலம் என்று சொல்லி விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை மூன்று நாள் சாப்பிட்டும் குறையவில்லை. எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. வெட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: தம்பி, இதைப் படித்த கையோடு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். லோரியை வேறு யாராவது ஓட்டட்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது சீழ்க்கட்டி போலத்தான் தெரிகிறது. இனிப்பு நீரும் இருப்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

நம் தோட்டப்புறத்தில் அந்த இடத்தில் எது வந்தாலும் மூலம்தான். உள்மூலம் பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் காட்டும். வெளிமூலத்தில் ரத்தம் கட்டிக்கொண்டால் நன்றாக வலிக்கும், ஆனால் பொதுவாகக் காய்ச்சல் வராது. வலி நாளுக்கு நாள் ஏறி, விண்விண் என்று தெறித்து, கூடவே காய்ச்சலும் அடித்தால் முதலில் சீழைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆசனவாய்க்குள் சுமார் 2 செ.மீ. ஆழத்தில், சுற்றிலும் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அவற்றின் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே கிருமி பெருகிச் சீழ் பிடிக்கும். பத்தில் ஒன்பது கட்டிகள் இப்படி வருபவைதான். சிலருக்குக் காசநோயாலோ, கிரோன் என்ற குடல் நோயாலோ வரும். சுத்தமில்லாததால் வந்தது என்று வெட்கப்படாதீர்கள்.

அந்தச் சீழ் எந்தப் பக்கம் இறங்குகிறதோ, அங்கே கட்டி. பாதிக்கு மேல் ஆசனவாய் விளிம்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே வரும். சிவந்து, தொட்டால் சுடும், கண்ணுக்கும் தெரியும். அடுத்தபடியாக அதிகம் வருவது புட்டத்தின் கொழுப்புக்குள். ஒரு பக்கம் முழுக்கக் கல் மாதிரி கனக்கும், சில நேரம் பின்பக்கமாகச் சுற்றி மறுபுறமும் போய்விடும். வெளியே கொட்டைப்பாக்கு, உள்ளே கோழிமுட்டை என்பதெல்லாம் இந்த வகையில் சாதாரணம்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வெளியே தெரியாத கட்டிகள்தான். ஆசனவாயைச் சுருக்கும் இரண்டு தசை வளையங்களுக்கு நடுவே சீழ் தேங்கினால் தோலில் ஒன்றும் இருக்காது, ஆனால் விரல் வைத்துப் பார்க்கக்கூட விடமாட்டார்கள், அவ்வளவு வலி. இன்னும் மேலே, இடுப்பின் அடித்தளத் தசைக்கும் மேல் தேங்குவது அபூர்வம். அதில் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் மட்டும் இருக்கும். இந்த இரண்டையும் உறுதிசெய்ய ஸ்கேனோ, மயக்கம் கொடுத்துப் பார்ப்பதோ தேவைப்படலாம்.

சரி, வெட்ட வேண்டுமா? சீழ் சேர்ந்துவிட்டது என்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். சீழ்ப் பைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் மாத்திரை அங்கே சரியாகப் போய்ச் சேராது. உங்களைப் போல இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மருந்தும் கொடுப்போம், ஆனால் அது துணைக்குத்தான். கீறியதும் சீழ் பீறிட்டு வரும். பல நாள் தூங்காதவர் அன்று ராத்திரியே அசந்து தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். புண்ணைத் தைக்காமல் திறந்தே விடுவோம், அடியிலிருந்து ஆறி வர வேண்டும். அதுவரை தினமும் இரண்டு மூன்று தடவை அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர் விட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். நீங்களே பிதுக்குவது, ஊசியால் குத்துவது இரண்டும் கூடவே கூடாது.

தோல் கறுத்தாலோ, வீக்கம் விதைப்பைக்குப் பரவினாலோ, சிறுநீர் அடைத்தாலோ நடுராத்திரி என்றும் பார்க்காதீர்கள். இனிப்பு நீர்க்காரர்களுக்குச் சதை மணிக்கணக்கில் அழுகிப் போகும்.

வெட்டிய பிறகும் மூன்றில் ஒருவருக்காவது பவுத்திரம் வரும். உள்ளே அந்தச் சுரப்பிக்கும் வெளித் தோலுக்கும் நடுவே ஒரு குழாய் போல வழி விழுந்துவிடும். ஆறிய இடத்திலேயே திரும்பத் திரும்ப நீர் கசிந்தால் அதுதான். முதல் சிகிச்சை தப்பாகிவிட்டது என்று நினைக்காமல் மறுபடி போய்க் காட்டுங்கள்.

கிளம்பும்போது இனிப்பு நீர் மாத்திரைகளைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.