ஜவ்வரிசியின் ஜி.ஐ. வேறு, தட்டில் பார்க்கும் ஜி.ஐ. வேறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் உடல் பருமனையும், ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதைக் காட்டும் கிளைசெமிக் குறியீட்டையும் (சுருக்கமாக ஜி.ஐ.) பற்றிச் சேலம், ஆத்தூர், ஏற்காடு பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதை ஒருமுறைதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகன் 62 கிலோ இருக்கிறான். இது பருமனா? (அஸ்தம்பட்டி)

வயது இல்லை, உயரம் இல்லை, எடை மட்டும் இருக்கிறது. 175 செ.மீ. உயரமுள்ள 17 வயது இளைஞனுக்கு 62 கிலோ இயல்பான எடை; 145 செ.மீ. உயரமுள்ள 12 வயதுச் சிறுவனுக்கு அதே 62 கிலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய எடை. பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) எல்லையை வளரும் பிள்ளைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, வயது வாரியாக இருக்கிறது. மருத்துவரிடம் அதில் குறித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு மறுபடி எழுதுங்கள்.

சேலம் ஜவ்வரிசிக்கு ஜி.ஐ. கிடைத்திருப்பதாகச் செய்தியில் படித்தேன். அப்படியானால் எடை கூடிய என் மகளுக்குத் தினமும் ஜவ்வரிசி உப்புமா கொடுக்கலாம் அல்லவா? (சூரமங்கலம்)

கூடாது. 2023இல் கிடைத்தது புவிசார் குறியீடு; அதன் ஆங்கிலச் சுருக்கமும் ஜி.ஐ.தான். ஒரு பொருள் எந்த ஊருக்கு உரியது என்பதைச் சொல்லுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு விரைவாக ஏறும் என்பதற்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. மரவள்ளிக் கிழங்கின் மாவைப் பிரித்து, உருட்டி, சூடேற்றி உலர்த்தியதே ஜவ்வரிசி என்பதால் அதில் 100 கிராமுக்கு 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். புரதமும் நார்ச்சத்தும் பெயருக்குக்கூட இல்லை. ஆத்தூர்ச் சாலையில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் புளித்த வாடையை நுகர்ந்தே வளர்ந்தவன் நான் என்பதால், ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். பண்டிகைப் பாயசத்தில் ஜவ்வரிசி இருக்கட்டும், தினசரிக் காலை உணவில் வேண்டாம்.

கம்பு, ராகி, தினை, சாமை எல்லாம் சேர்த்து வறுத்து அரைத்த சத்துமாவை 14 வயது மகனுக்கு இருவேளையும் நாட்டுச் சர்க்கரை போட்டுக் கஞ்சியாகக் கொடுக்கிறேன். சிறுதானியம் குறியீடு குறைந்ததுதானே? பிறகு ஏன் எடை ஏறுகிறது? (அம்மாபேட்டை)

இதே கேள்வி இம்முறை நான்கு கடிதங்களில் வந்திருக்கிறது; நான்கிலும் அளவு எழுதப்படவில்லை. அளவு சொல்லாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்!

தானியத்தின் பெயரில் குறியீடு ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைப்பதே முதல் தவறு. முழுச் சாமையைச் சோறாக வடித்து உண்ணும்போது மாவுச்சத்து தானியத்தின் உறைக்குள் அடைபட்டிருப்பதால் செரிமான நொதிகள் அதை மெதுவாகத்தான் எட்டுகின்றன. அதையே வறுத்து, மில்லில் கொடுத்து, முகப்பவுடர் பதத்துக்கு அரைத்து, நீரில் குழைய வேகவைத்துவிட்டால் நொதிகளுக்கு மிச்சம் வைக்கிற வேலை ஒன்றுமே இல்லை. இவ்வாறு காய்ச்சிய ராகிக் கஞ்சி குறியீட்டில் வெள்ளை அரிசிச் சோற்றின் பக்கத்தில்தான் நிற்கிறது, சில அளவீடுகளில் அதைத் தாண்டியும் போகிறது. ராகியில் கால்சியம் மிகுதி என்பது உண்மை. அதனால் ராகிக் கஞ்சி எடையைக் குறைத்துவிடும் என்பது உண்மையன்று. கலோரிக் கணக்கிலும் சிறுதானியம் ஏறத்தாழ அரிசிக்குச் சமம்தான், 100 கிராமுக்கு 320 முதல் 350 வரை.

சென்ற ஆண்டு ஒரு தாயிடம், மாவு டப்பாவையும் வீட்டுக் கரண்டியையும் கொண்டுவரச் சொன்னேன். "மூன்றே கரண்டிதான் சார்" என்றார். அவரையே அள்ளச் சொல்லித் தராசில் வைத்தோம். குழிக்கரண்டியில் கோபுரமாக அள்ளிய ஒவ்வொரு கரண்டியும் 30 கிராம். ஆக மாவு 90 கிராம், நாட்டுச் சர்க்கரை 30 கிராம், பால் ஒரு டம்ளர். கூட்டிப் பார்த்தால் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 550 கலோரி. இருவேளைக்கு 1,100. இது அந்த வயதுப் பையனின் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. இதற்குப் பிறகுதான் இட்லி வந்தது, ஏனென்றால் கஞ்சியை அவர்கள் வீட்டில் யாரும் சாப்பாடாகக் கணக்கிடவில்லை.

நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். 100 கிராமுக்கு வெள்ளைச் சர்க்கரை 400 கலோரி என்றால் இது 370, 380. நிறம் மாறியதற்காகக் கணையம் சலுகை தருவதில்லை.

மாவை நிறுத்திவிட்டு, தவிடு நீக்காத சாமையையோ வரகையோ சோறாக வடித்து ஒரு கிண்ணம் மட்டும் வையுங்கள். கடையில் வெண்மையாகப் பளபளக்கும் சாமை பெரும்பாலும் தவிடு நீக்கியது. பழுப்பு நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதனுடன் மொச்சைக் குழம்பு, கீரை, ஒரு முட்டை இருந்தால் போதும். காலையில் பச்சைப் பயறு தோசையோ, கொரகொரப்பாக அரைத்த அடையோ நல்லது. தானியத்தை நைசாக மாவாக்கினால் போயிற்று என்பதை மட்டும் சமையலறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சேலம் மல்கோவாவை மகளுக்கு அடியோடு நிறுத்த வேண்டுமா? (வாழப்பாடி)

வேண்டாம். மாம்பழத்தின் குறியீடு நடுத்தரத்தைக்கூட எட்டுவதில்லை, சுமார் 50தான். மாலையில் நறுக்கித் தின்ன அரைப் பழம் போதும். சாறு வேண்டாம், மில்க் ஷேக் வேண்டவே வேண்டாம்.

அவித்த உருளைக்கிழங்கை விடச் சிப்ஸின் குறியீடு குறைவு என்று பட்டியலைக் காட்டி மகன் வாதாடுகிறான். (மேட்டூர்)

பட்டியல் பொய் சொல்லவில்லை. எண்ணெய் இரைப்பையைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, அதனால் எண் குறைகிறது. ஆனால் அவித்த கிழங்கு 100 கிராமுக்கு 85 கலோரி, சிப்ஸ் 540 கலோரி. ஐஸ்கிரீமும் சாக்லேட்டும் பட்டியலில் நல்ல பிள்ளைகளாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். இந்தக் குறியீடு, 50 கிராம் மாவுச்சத்துள்ள உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் இரத்தச் சர்க்கரையை அளந்து கண்ட எண் மட்டுமே. எவ்வளவு தின்றார் என்பதையும் எத்தனை கலோரி உள்ளே போயிற்று என்பதையும் அது சொல்லாது. சேலத்துத் தெருக்கடைத் தின்பண்டமான தட்டுவடை செட்டைப் பற்றிக் கேட்டவருக்கும் இதுவே பதில்: நடுவில் துருவி வைத்த பீட்ரூட்டும் கேரட்டும் குற்றமற்றவை, மேலும் கீழும் உள்ளவை எண்ணெயில் பொரித்தவை.

மகள் ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அங்குள்ள உணவை மாற்ற வழியில்லை. (தாரமங்கலம்)

உணவை மாற்ற முடியாவிட்டாலும் உண்ணும் வரிசையை மாற்றலாம். பொரியல், சுண்டல், முட்டை ஆகியவற்றை முதலில் முடித்துவிட்டுச் சோற்றைத் தொடச் சொல்லுங்கள். அதே சோறு சர்க்கரையைச் சற்று மெதுவாகவே ஏற்றும். இரண்டாம் முறை சோறு வாங்க வேண்டாம். நீங்கள் பார்க்கப் போகும்போது பிஸ்கட் பொட்டலத்துக்குப் பதில் வறுத்த நிலக்கடலையும், மலையிலேயே கிடைக்கும் கொய்யாவும் பேரிக்காயும் வாங்கிக் கொடுங்கள். அந்த ஊரில் எங்கே போவதானாலும் ஏற்றம்தான் என்பதால், நடைக்குத் தனியாக இடம் தேட வேண்டியதில்லை.

13 வயது மகளின் பின்கழுத்துக் கருமை எதைத் தேய்த்தாலும் போகவில்லை. (ஓமலூர்)

தேய்ப்பதை நிறுத்துங்கள். அழுக்கன்று. வெல்வெட் போலத் தடித்த அந்தக் கருமை, பருமனான பிள்ளைகளிடம் பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின், அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காததன் அடையாளம். மருத்துவரிடம் காட்டி இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் உண்டா? (சேலம்)

உண்டு, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் இந்தக் குறியீட்டை முன்வைத்தனர். 1999இல் அமெரிக்காவில் டேவிட் லுட்விக் குழுவினர் பருமனான 12 பையன்களுக்கு ஒரே கலோரியுள்ள வெவ்வேறு உணவுகளைக் கொடுத்துப் பார்த்தனர். உடனடி ஓட்ஸ் உண்ட நாளில், காய்கறி ஆம்லெட்டும் பழமும் உண்ட நாளைவிட 80 சதவீதம் கூடுதலாகப் பிற்பகலில் தின்றார்கள். பசியைப் பொறுத்தவரை இது முக்கியமான செய்தி. ஆனால் 12 பேர்தான், ஒரு நாள் உணவுதான் என்பதையும் மறக்கக் கூடாது. மாதக்கணக்கில் நடந்த ஆய்வுகளில் எடைக் குறைவு மிதமானதே, எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவும் இல்லை. (உடனடி ஓட்ஸ் பற்றித் தனியாகக் கேட்டவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.)

பழைய சோறு? (சங்ககிரி)

ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடும். சற்றுத்தான். எவ்வளவு உண்கிறீர்கள் என்று எழுதவில்லையே?

அடுத்த மாதம் வீட்டில் திருமணம். 12 வயது மகன் அதற்குள் 10 கிலோ குறைய வேண்டும். (எடப்பாடி)

இயலாது, முயலவும் கூடாது. அந்த வயதில் எடை அப்படியே நின்று உயரம் ஏறினாலே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். அதற்கே ஓர் ஆண்டு பிடிக்கும். திருமணத்துக்குத் துணியைச் சற்றுத் தளர்வாகத் தைக்கக் கொடுங்கள்.