தம்பிக்கு சிடி4 238, அழிஞ்ச ரிசப்டர் திரும்ப வருமா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 26 வயசு. போன மாசம் ஹெச்ஐவி பாசிட்டிவ்னு வந்துச்சு, சிடி4 238. வைரஸ் செல் மேல இருக்கற ரிசப்டரை அழிச்சிடும்னு சொல்றாங்க, மாத்திரை போட்டா அது திரும்ப வருமா? வெளிநாட்டுல எலும்பு மஜ்ஜை மாத்தி ஒருத்தருக்கு குணமாயிடுச்சாமே? அம்மா அவனுக்கு தட்டு தனியா வெச்சிருக்காங்க, மனசு கேக்கல.

பதில்: திரும்ப வரும்மா, முதல்ல தைரியமா இருங்க. ரிசப்டர்னா செல்லோட மேல்பரப்புல இருக்கற ஒரு பிடிமானம், சிடி4ங்கறது அதுல ஒண்ணு. ரிப்போர்ட்ல இருக்கற 238 ரிசப்டரோட எண்ணிக்கை இல்ல, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல சிடி4 ரிசப்டர் இருக்கற டி செல், அதாவது நோயை எதிர்க்கற ஒரு வகை வெள்ளை அணு, எத்தனைங்கறது. நல்லா இருக்கறவங்களுக்கு பொதுவா 500க்கு மேல இருக்கும்.

வைரஸ் மேல இருக்கற முள்ளு, ஜிபி120னு பேரு, அது முதல்ல இந்த சிடி4ஐ புடிக்கும், புடிச்சதும் முள்ளோட வடிவமே மாறி பக்கத்துல இருக்கற சிசிஆர்5ங்கற இன்னொரு ரிசப்டரையும் புடிச்சுக்கும், சிலருக்கு நாளாக நாளாக சிஎக்ஸ்சிஆர்4ஐ புடிக்கற வகையும் வரும். ரெண்டும் மாட்டினா தான் உள்ள நுழைய முடியும். நுழைஞ்சப்புறம் அது பண்றத பாருங்க, நெஃப்னு ஒரு புரோட்டீனை செஞ்சு, தான் வந்த அதே சிடி4ஐ செல்லோட மேல்பரப்புல இருந்து உள்ள இழுத்து அழிச்சிடும், ஏன்னா புதுசா வெளிய வர்ற வைரஸ் அதுலயே ஒட்டி நின்னுடக் கூடாது பாருங்க. ஆனா கவுண்ட் குறையறதுக்கு இது காரணம் இல்ல, செல்லே சாகறது தான் காரணம், அதுலயும் வைரஸ் முழுசா பெருகாத செல்கள் கூட நிறைய செத்துப் போகுது. ஏஆர்டிங்கற ஹெச்ஐவி மாத்திரை வைரஸ் பெருகறத நிறுத்திட்டா உடம்பு புது செல் செஞ்சுக்கும், ஒவ்வொண்ணும் முழு ரிசப்டரோட தான் வரும். மெதுவா தான் ஏறும், சிலருக்கு வருஷக்கணக்குல, அதுக்குள்ள பயந்து மாத்திரைய விட்டுடாதீங்க. இருமல், காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறையறதுனு எது வந்தாலும் உடனே ஏஆர்டி சென்டர்ல சொல்லி டிபி டெஸ்ட் எடுக்கணும்.

நீங்க கேட்ட அந்த ஆள் திமோதி ரே பிரவுன். அவருக்கு ரத்தப் புற்றுநோய், அதுக்காகத் தான் 2007ல பெர்லின்ல மஜ்ஜை மாத்தினாங்க, குடுத்தவர்கிட்ட சிசிஆர்5 ஜீன்ல 32 டிஎன்ஏ எழுத்து பிறவியிலயே இல்ல, அதனால அந்த ரிசப்டர் செல் மேல வராது. 2020ல அவர் புற்றுநோய் திரும்பி வந்து தான் இறந்தார், ஹெச்ஐவி திரும்பவே இல்ல. ஆனா அந்த ஜீன் மாற்றம் நம்ம ஊர்ல ரொம்ப அபூர்வம், அந்த சிகிச்சையே உயிருக்கு ஆபத்தானது, மாத்திரையில நல்லா இருக்கப் போற தம்பிக்கு அது வேண்டாம்மா.

தட்டு விஷயம் தான் என்னை ரொம்ப கஷ்டப்படுத்துது. வைரஸ் அந்த சிடி4 செல் வரைக்கும் போய்ச் சேந்தா தானே தொத்தும், எச்சில்லயோ தட்டுலயோ டம்ளர்லயோ அது பரவாது. அம்மாகிட்ட இத படிச்சுக் காட்டுங்க, இன்னைக்கு ராத்திரி அவன் எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடட்டும்.